மூடச் சொல்லி யாரும் உத்தரவு போடவில்லை: ஐடஹோ பிக் கிரீக் ஓடுதளங்கள் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தின் நடுவில், குறுக்கே ஒரு சாலைகூடப் போகாத பெரும் மலைக்காடு இருக்கிறது. பெயர் ஃபிராங்க் சர்ச் ரிவர் ஆஃப் நோ ரிட்டர்ன் வில்டர்னஸ். வில்டர்னஸ் என்றால், இயற்கை நிலையிலேயே விட்டுவைக்கச் சட்டம் போட்டு ஒதுக்கிய காட்டு நிலம். பரப்பு ஏறத்தாழ 23.6 லட்சம் ஏக்கர். அலாஸ்காவைத் தவிர்த்துப் பார்த்தால், அந்த நாட்டில் ஒரே துண்டாகக் கிடக்கும் வில்டர்னஸ் நிலங்களில் இதுதான் பெரியது. உள்ளே ஜீப் போகக்கூடாது, சைக்கிள் போகக்கூடாது, மரம் அறுக்க செயின்சா கொண்டுபோகக்கூடாது. ஆனால் சிறிய விமானத்தில் போய் இறங்கலாம். ஆற்றங்கரையிலும் மலைச்சரிவிலும் புல் மண்டிய ஓடுதளங்கள் அங்கங்கே இருக்கின்றன. அவற்றில் இறங்கும் உரிமையைச் சட்டமே காத்து நிற்கிறது.

அப்படிப்பட்ட நான்கு ஓடுதளங்களை இங்கே எடுத்துக்கொள்கிறேன். டூயி மூர், மைல் ஹை, சைமண்ட்ஸ், வைன்ஸ். நான்கும் பிக் கிரீக் என்ற ஓடையின் பள்ளத்தாக்கில், பயெட் தேசிய வனத்துக்குள் வருகின்றன. விமானிகள் நான்கையும் சேர்த்து ‘பிக் கிரீக் ஃபோர்’ என்பார்கள். இவற்றை மூடச் சொல்லி யாரும் உத்தரவு போடவில்லை. ஆனாலும் இவை இருக்கின்றனவா இல்லையா என்ற சண்டை பல ஆண்டுகளாக ஓய்ந்தபாடில்லை. பொது நிலத்தில் உள்ள ஒரு ஓடுதளம் எப்படிச் சாகிறது, எப்படிப் பிழைக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல நிகழ்வு எனக்குத் தெரியவில்லை.

காட்டுக்குள் ஓடுதளம் வந்தது எப்படி

இந்தக் காடு 1980இல் வானத்திலிருந்து குதித்ததல்ல. 1931லேயே இதன் பெரும்பகுதி ‘ஐடஹோ பிரிமிட்டிவ் ஏரியா’ என்று ஒதுக்கப்பட்டது. அப்போதும் உள்ளே ஆட்கள் இருந்தார்கள். சுரங்கம் தோண்டியவர்கள், மாடு வளர்த்தவர்கள், பூமா வேட்டைக்காரர்கள், குளிர்காலம் முழுக்கப் பனியில் அடைபட்டுக் கிடந்த குடும்பங்கள். கோவேறு கழுதை மேல் மூட்டை ஏற்றி நாள்கணக்கில் நடந்து சேர வேண்டிய இடங்களுக்கு, விமானம் வந்தபிறகு அரை மணி நேரத்தில் போக முடிந்தது. வனத்துறைக்கும் தீயணைக்க ஆட்களையும் சாமான்களையும் சீக்கிரம் இறக்க இடம் தேவைப்பட்டது. இரண்டு தேவையும் சேர்ந்துதான் இந்த ஓடுதளங்களை உண்டாக்கின. இரண்டாம் உலகப் போருக்குப் பின், பைப்பர் சூப்பர் கப் மாதிரி எடை குறைந்த விமானங்கள் பெருகியதும், வேட்டை முகாம் நடத்தியவர்கள் இன்னும் சிறிய சரிவுகளைக்கூட விட்டுவைக்கவில்லை.

பிக் கிரீக் ஓடையோரமாகவே போனால் இந்த வரலாறு வரிசையாகத் தென்படும். சோல்ஜர் பார் ஓடுதளத்தில் ஒரு படைவீரருடைய நினைவுக்கல் நிற்கிறது. ஹாரி ஈகன் என்ற அந்த வீரர் 1879இல் ஷீப்ஈட்டர் பழங்குடியினருடன் நடந்த போரில் அங்கே இறந்தவர். சற்றுத் தள்ளி டெய்லர் ராஞ்ச். இன்றைக்கு அது ஐடஹோ பல்கலைக்கழகத்தின் ஆய்வு நிலையம்; சாலை கிடையாது, மாணவர்களும் ஆய்வாளர்களும் விமானத்திலோ கால்நடையாகவோதான் வந்து சேர வேண்டும். மேலே கேபின் கிரீக். ஒருகாலத்தில் ஃபிளையிங் டபிள்யூ என்ற தனியார் பண்ணையாக இருந்து, 1970களில் வனத்துறை கைக்கு வந்தது. பண்ணைக் கட்டடங்கள் போய்விட்டன. ஓடுதளம் இன்னும் இருக்கிறது.

காட்டுக்குள் பண்ணைகளில் தங்கியிருப்பவர்களுக்கு இன்றும் தபால் விமானத்தில்தான் வருகிறது. கேஸ்கேட் என்ற சிற்றூரிலிருந்து கிளம்பும் தபால் விமானத்தில் கடிதத்தோடு மளிகை, மருந்து, மோட்டார் உதிரிபாகம் எல்லாம் சேர்ந்தே போகும். 2009இல் செலவைக் காரணம் காட்டி அமெரிக்கத் தபால்துறை இந்தத் தடத்தை நிறுத்தப் பார்த்தது. எதிர்ப்பு கிளம்பியதும் முடிவைக் கைவிட்டது. கோடையின் கடைசியில் மிடில் ஃபோர்க் சால்மன் ஆற்றில் தண்ணீர் குறையும்போது, ரப்பர் படகில் போகிறவர்கள் மேல் துறையில் இறங்க முடியாமல், விமானத்தில் இந்தியன் கிரீக் ஓடுதளம் வரை வந்து அங்கிருந்து படகு விடுகிறார்கள். ஓடுதளம் என்றால் பணக்காரர்கள் பொழுதுபோக்குகிற இடம் என்று நினைப்பவர்கள் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

சட்டம் போட்ட இரண்டு பூட்டு

1964ஆம் ஆண்டின் வில்டர்னஸ் சட்டம் விமானம் இறங்குவதைப் பொதுவாகத் தடை செய்கிறது. கூடவே ஒரு விலக்கும் கொடுக்கிறது: ஏற்கெனவே விமானப் பயன்பாடு நிலைபெற்றிருந்த இடங்களில் அது தொடர அனுமதிக்கலாம். அனுமதிக்கலாம் என்றால் மறுக்கவும் மறுக்கலாம். முடிவு அதிகாரி கையில்.

ஐடஹோக்காரர்கள் இதை நன்றாகவே புரிந்துவைத்திருந்தார்கள். 1964 சட்டத்தை செனட்டில் நடத்திக் கொடுத்தவர்களில் முக்கியமானவர், அதே மாநிலத்தைச் சேர்ந்த செனட்டர் ஃபிராங்க் சர்ச். 1980இல் மத்திய ஐடஹோ வில்டர்னஸ் சட்டம் வந்தபோது அந்த ஓட்டை அடைக்கப்பட்டது. அந்த ஆண்டு ஜூலை 23 அன்று ஜனாதிபதி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டத்தின்படி, நிலைபெற்ற இடங்களில் விமானம் இறங்குவதை அனுமதித்தே தீர வேண்டும். அதற்கு மேலும் போய் இன்னொரு விதி. சட்டம் நடைமுறைக்கு வந்த நாளில் தேசிய வன நிலத்தில் ‘வழக்கமான பயன்பாட்டில்’ இருந்த எந்த ஓடுதளத்தையும் நிரந்தரமாக மூடவோ, பயன்படாதபடி ஆக்கவோ கூடாது. விமானத்துக்குக் கடுமையான ஆபத்து இருந்தால் மட்டும் விதிவிலக்கு. அப்போதுகூட, மலை ஓடுதளங்களின் பாதுகாப்பை மதிப்பிடும் ஐடஹோ மாநில அமைப்பு எழுத்துபூர்வமாகச் சம்மதிக்க வேண்டும்.

ஆக, பூட்டு இரண்டு. மத்திய அரசிடம் ஒரு சாவி, மாநிலத்திடம் ஒரு சாவி. அமெரிக்காவில் பொது நில ஓடுதளங்களுக்குக் கிடைத்த பாதுகாப்புகளில் இவ்வளவு உறுதியானது அபூர்வம். சர்ச் அதே ஆண்டு நவம்பரில் தேர்தலில் தோற்றுப்போனார். 1984இல், அவர் இறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன், காட்டுக்கு அவர் பெயரைச் சேர்த்தார்கள்.

நான்கு ஓடுதளங்களின் கதி

இவ்வளவு உறுதியான சட்டம் இருந்தும் இந்த நான்கும் ஏன் தடுமாறின? ‘வழக்கமான பயன்பாடு’ என்ற அந்த ஒரு நிபந்தனையில்தான் எல்லாம் போய் முட்டுகிறது.

முதலில் இவை எப்படிப்பட்ட இடங்கள் என்று பார்ப்போம். மைல் ஹை ஓடுதளத்தின் நீளம் 600 அடியைக்கூடத் தொடாது. ஒன்றரைக் கால்பந்து மைதானம் அளவுதான். அதுவும் சமதளம் இல்லை. நூறு அடி நடந்தால் இருபது அடி ஏறியிருப்போம், அவ்வளவு செங்குத்து. இறங்கும்போது மேட்டைப் பார்த்து இறங்க வேண்டும், கிளம்பும்போது பள்ளத்தைப் பார்த்துக் கிளம்ப வேண்டும். காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் இதை மாற்ற முடியாது. இறங்கும்போது ஒரு கட்டத்தைத் தாண்டிவிட்டால், ‘சரி, மேலே எழும்பி இன்னொரு சுற்று வரலாம்’ என்ற பேச்சே இல்லை. எதிரே மலை நிற்கிறது. அந்தக் கட்டம் எங்கே வருகிறது என்பதை விமானி முன்கூட்டியே தீர்மானித்து வைத்திருக்க வேண்டும்.

வெப்பம் இன்னொரு எதிரி. சூடான காற்று அடர்த்தி குறைந்தது. இறக்கைக்கும் பிடிப்பு குறையும், எஞ்சினுக்கும் மூச்சு குறையும். அந்த வட்டாரத்தில் புதியவர்கள் முதலில் பழகும் ஜான்சன் கிரீக் என்ற மாநில ஓடுதளம் கடல் மட்டத்திலிருந்து 4,933 அடி உயரத்தில் இருக்கிறது. பகலில் 30 டிகிரி செல்சியஸ் அடித்தால், அங்கே விமானம் ஏறத்தாழ 8,000 அடி உயரத்தில் பறப்பதுபோலத்தான் நடந்துகொள்ளும். ஜான்சன் கிரீக்கில் 3,400 அடி நீளப் புல்தரை இருக்கிறது, சமாளித்துவிடலாம். மைல் ஹையில் அந்தச் சலுகை இல்லை. அதனால்தான் மலைவிமானிகள் விடியற்காலையில் வேலையை முடித்துக்கொண்டு, வெயில் ஏறிப் பள்ளத்தாக்கில் காற்று கிளம்பும் முன் வெளியே வந்துவிடுகிறார்கள்.

இப்படி எல்லோராலும் இறங்க முடியாத இடம் என்பதால், இந்த நான்கிலும் எப்போதுமே ஆள் நடமாட்டம் குறைவு. வனத்துறை இதைக் கவனித்தது. 2003இல் வந்த வில்டர்னஸ் மேலாண்மைத் திட்டத்தில் இவை அவசரப் பயன்பாட்டுக்கு மட்டும் உரியவை என்று நடத்தப்பட்டன. வரைபடத்தில் இருக்கும், ஆனால் பராமரிப்பு இருக்காது. வழக்கமாகப் போய்வரும் இடமாகக் கருதப்படாது.

இந்த நிலைப்பாட்டை என்னால் ஏற்க முடியவில்லை. எஞ்சின் நின்றுபோன விமானம் ஒன்று இறங்குவதற்குத்தான் அவசர ஓடுதளம். அதில் புதர் வளர்ந்து, விலங்குகள் தோண்டிய வளைக்குள் சக்கரம் இறங்கிவிடும் நிலை இருந்தால், அவசரத்துக்கும் அது உதவாது. பராமரிக்காத அவசர ஓடுதளம் என்பது பெயரளவு ஓடுதளம். சட்டம் ‘மூடக்கூடாது’ என்றதோடு நிற்கவில்லை, ‘பயன்படாதபடி ஆக்கக்கூடாது’ என்றும் சேர்த்தே சொல்கிறது. கையைக் கட்டிக்கொண்டு நின்றால் அந்த இரண்டாவது காரியம் தானாக நடந்துவிடும்.

எதிர்த்தரப்பு சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, அதை ஒதுக்கிவிட முடியாது. வில்டர்னஸ் பாதுகாப்பு அமைப்புகள் இந்த நான்கு ஓடுதளங்களுக்காக வனத்துறை மேல் வழக்கே போட்டன. 1980இல் இவை வழக்கமான பயன்பாட்டில் இல்லை, ஆகவே சட்டப் பாதுகாப்பு இவற்றுக்குப் பொருந்தாது என்கிறார்கள். இயற்கை திரும்ப எடுத்துக்கொண்ட நிலத்தை மறுபடி வெட்டித் திறப்பது 1964 சட்டத்துக்கே விரோதம் என்பது அவர்கள் வாதம். நாலு நாள் நடந்து வந்து ஓடையோரம் கூடாரம் போட்டவருக்கு, காலை ஆறு மணிக்குத் தலைக்கு மேல் எஞ்சின் சத்தம் கேட்டால் கோபம் வரத்தான் செய்யும்.

விமானிகள் தரப்பில் ஒரு பழக்கம் இந்தக் கோபத்துக்கு நெய் ஊற்றுகிறது. ஒரே காலையில் நாலைந்து ஓடுதளங்களில் இறங்கி, உடனே எழும்பி, பட்டியலில் டிக் போட்டுக்கொண்டு போவது. கீழே இறங்கி ஒரு மணி நேரம் உட்காருவதுகூட இல்லை. ஐடஹோ விமானிகள் சங்கம் இதை வெளிப்படையாகவே கண்டிக்கிறது. பயிற்சியை வில்டர்னஸுக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள், முகாம்களுக்கு மேல் தாழப் பறக்காதீர்கள், சக்கரத்தைத் தொட்டுவிட்டுக் கிளம்பும் வேலை வேண்டாம் என்கிறது. என் கணிப்பில், எதிர்த்தரப்பின் வழக்கறிஞர் வாதத்தைவிட இந்தப் பழக்கம்தான் ஓடுதளங்களுக்குப் பெரிய ஆபத்து.

கோவேறு கழுதையும் இருவர் இழுக்கும் ரம்பமும்

ஒரு ஓடுதளம் நிஜமாகவே எப்படி உயிரோடு இருக்கிறது என்பதைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும்.

மண் ஓடுதளத்தை ஓரிரு கோடைகாலம் தொடாமல் விட்டால் முதலில் வருவது தரை அணில். அது வளை தோண்டும். அணிலைத் தேடி பேட்ஜர் என்ற மண் தோண்டும் விலங்கு வந்து அதே வளையைப் பெரிதாக்கும். விமானத்தின் முன்சக்கரம் அதில் இறங்கினால், புரொப்பெல்லர் தரையில் மோதி எஞ்சின் கெடும். அந்த விமானத்தை அங்கிருந்து வெளியே கொண்டுவருவது தனிக் கதை. அடுத்தது பைன் கன்றுகள், ஓரத்திலிருந்து நடுவுக்கு நகர்ந்து வரும். உருகும் பனி சரிவில் ஓடி வாய்க்கால் அறுக்கும். இதற்கெல்லாம் எந்த அதிகாரியின் கையெழுத்தும் தேவையில்லை.

இதைச் சரிசெய்ய, வில்டர்னஸுக்குள் எஞ்சின் உள்ள கருவி எதையும் பயன்படுத்தக்கூடாது. முந்நூறு குதிரைத்திறன் எஞ்சினோடு செஸ்னா வந்து இறங்கலாம். அதிலிருந்து ஒரு புல்வெட்டும் இயந்திரத்தை இறக்கி ஓட்டக்கூடாது. மண் அள்ளும் ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டிக்கும் அதே தடைதான். இதில் தளர்வு வேண்டும் என்றால், வேறு வழியே இல்லை என்பதை வனத்துறை தனி ஆய்வு செய்து நிரூபிக்க வேண்டும்.

சரி, அப்புறம் எப்படித்தான் செய்கிறார்கள்? கோவேறு கழுதைகளையும் குதிரைகளையும் பூட்டி, கனமான இரும்புச் சட்டத்தைத் தரையில் இழுத்து மேடுபள்ளத்தைச் சமப்படுத்துகிறார்கள். விழுந்த மரத்தை இரண்டு பேர் எதிரெதிராக நின்று இழுக்கும் நீள ரம்பத்தால் அறுக்கிறார்கள். அந்த ரம்பத்தைப் பிடிக்க வனத்துறையின் பயிற்சிச் சான்றிதழ் வேண்டும். வளைகளைக் கூடையில் மண் சுமந்து அடைத்து, காலால் மிதித்து இறுக்குகிறார்கள். கற்களைக் கையால் பொறுக்கி ஓரமாகச் சேர்க்கிறார்கள். பக்கத்து மாநிலமான மான்டானாவில், கிரேட் பேர் வில்டர்னஸில் இருக்கும் ஒரே ஓடுதளமான ஷேஃபர் மெடோஸும் இப்படித்தான் பிழைத்திருக்கிறது. அங்குள்ள விமானிகள் சங்கத்தார் கோடையில் வந்து கூடாரம் போட்டுத் தங்கி, வனத்துறை ஆட்களோடும் கழுதைகளோடும் சேர்ந்து வேலை செய்துவிட்டுப் போகிறார்கள்.

இதில் கிடைக்கும் பெரிய லாபம் புல் வெட்டப்படுவது மட்டும் அல்ல. ரேஞ்சரும் விமானியும் ஒரே ரம்பத்தின் இரண்டு முனையைப் பிடித்தவர்களாகிவிடுகிறார்கள். அடுத்த திட்ட வரைவு வரும்போது, ஓடுதளத்தைப் பற்றிய ஃபைலைக் கையில் வைத்திருப்பவருக்கு அந்த இடமும் ஆட்களும் தெரிந்திருக்கும்.

சட்டப் பூட்டு இல்லாத இடத்தில்

ஐடஹோவுக்குக் கிடைத்த இரட்டைப் பூட்டு மற்ற இடங்களுக்கு இல்லை. மான்டானாவின் மிசூரி ஆற்றங்கரை இதற்கு நேர் உதாரணம். 2001 ஜனவரியில், பதவி முடிய மூன்று நாள் இருக்கும்போது, ஜனாதிபதி கிளின்டன் அந்தப் பகுதியை அப்பர் மிசூரி ரிவர் பிரேக்ஸ் தேசிய நினைவிடமாக, அதாவது பாதுகாக்கப்பட்ட பொது நிலமாக, அறிவித்தார். நில மேலாண்மைப் பணியகம் திட்டம் வகுக்கத் தொடங்கியதும், அங்கிருந்த பத்து மண் ஓடுதளங்கள் என்ன ஆகும் என்ற கேள்வி வந்தது.

2003இல் மான்டானாவைச் சேர்ந்த சில விமானிகள் ரெக்ரியேஷனல் ஏவியேஷன் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பைத் தொடங்கியதற்கு இந்த மாதிரிக் கவலைகளே காரணம். அவர்கள் கூட்டங்களுக்குப் போனார்கள், கருத்து எழுதினார்கள், எந்த ஓடுதளம் யாருக்குத் தேவை என்று ஒவ்வொன்றாகப் பேசினார்கள். 2008 இறுதியில் வந்த முடிவில் பத்தில் ஆறு பிழைத்தன. நான்கு போயின. வில்டர்னஸ் சங்கத்தார் போட்ட வழக்கில், 2013இல் ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் திட்டத்தின் பெரும்பகுதியை ஏற்றது. ஆனால் தொல்லியல் ஆய்வு போதவில்லை என்று ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பியது. பழைய தடம்தானே என்று மேலோட்டமாகப் பார்த்து நகர்ந்துவிட முடியாது என்பது இதில் தெளிவானது. மூடிய ஓடுதளத்தை மறுபடி திறக்க நினைப்பவர்கள் முதலில் பணம் ஒதுக்க வேண்டியது புல்டோசருக்கு அல்ல, நிலத்தில் நடந்து பார்க்கும் தொல்லியலாளருக்கு.

நிலத்தைக் கையில் வைத்திருப்பவர்களுக்கு இருந்த இன்னொரு பயம் நஷ்ட ஈடு வழக்கு. யாரோ வந்து இறங்கி அடிபட்டால் நம் மேல் கேஸ் வருமோ என்ற பயத்திலேயே பல ஓடுதளங்களின் குறுக்கே மரம் போடப்பட்டது. பொழுதுபோக்குக்காக நிலத்தை இலவசமாகத் திறந்துவிடுபவருக்குப் பொறுப்பைக் குறைக்கும் சட்டங்கள் அமெரிக்க மாநிலங்களில் ஏற்கெனவே உண்டு. மீன்பிடிப்பு, நடைப்பயணம் எல்லாம் அதில் வரும், விமானம் வராது. 2007இல் மான்டானா தன் சட்டத்தில் வணிக நோக்கமில்லாத விமானப் பயணத்தையும் சேர்த்தது. அதன்பின் இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் இந்த வழிக்கு வந்திருக்கின்றன. சத்தமில்லாமல் நடந்த இந்தத் திருத்தம் திறந்துவைத்த ஓடுதளங்கள், எந்தப் போராட்டத்தாலும் திறந்தவற்றைவிட அதிகமாக இருக்கும் என்றே நினைக்கிறேன்.

கலிஃபோர்னியாவின் சேலைன் பள்ளத்தாக்கில் ‘சிக்கன் ஸ்ட்ரிப்’ என்று ஒன்று இருக்கிறது. 1994இல் அந்தப் பள்ளத்தாக்கு டெத் வேலி தேசியப் பூங்காவோடு சேர்க்கப்பட்டது. தேசியப் பூங்காவுக்குள் மண் ஓடுதளம் நீடிப்பது மிக அரிது. இது நீடிக்கிறது, தொண்டர்கள் விடாமல் வந்து கல் பொறுக்குவதால்.

பிக் கிரீக்குக்குத் திரும்பினால்

நான்கு ஓடுதளங்களின் வழக்கு கடைசியில் 1980 ஜூலையில் அங்கே யார் இறங்கினார்கள் என்ற கேள்விக்கு வந்து நிற்கிறது. இதற்குப் பதில் சொல்லக்கூடியவை அந்தக்கால விமானிகள் தங்கள் பயணங்களைக் குறித்துவைத்த லாக் புத்தகங்கள், வேட்டை முகாம் நடத்தியவர்களின் கணக்குகள், விமானத்துக்குப் பக்கத்தில் நின்று எடுத்துக்கொண்ட குடும்பப் புகைப்படங்கள். அன்று இவற்றைத் தேதியோடு ஒரு இடத்தில் சேர்த்து வைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றியிருக்காது. அந்தத் தலைமுறை விமானிகளில் பலர் இன்று இல்லை. பிள்ளைகள் வீட்டைக் காலி செய்யும்போது பரணிலிருந்து லாக் புத்தகம் குப்பைக்குப் போகிறது, கூடவே ஒரு ஓடுதளத்தின் சாட்சியமும் போகிறது.

ஆகவே, எந்த மாநிலத்திலும் பொது நில ஓடுதளம் ஒன்றைக் காப்பாற்ற நினைக்கிற சங்கம் இந்த ஆண்டே செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. ஓடுதளத்தின் ஓரத்தில் மழை புகாத பெட்டி ஒன்றும், அதற்குள் ஒரு நோட்டும் பேனாவும். இறங்குகிறவர் தேதி, விமானத்தின் வகை, வந்த காரணம் மூன்றையும் எழுத வேண்டும். பருவம் முடிந்ததும் ஒரு நகல் ரேஞ்சர் அலுவலகத்துக்கும், இன்னொன்று மாநில வானூர்தித் துறைக்கும் போக வேண்டும். வில்டர்னஸ் நிலத்தில் பெட்டி வைப்பதற்கே அனுமதி வேண்டியிருக்கும். அந்த அனுமதிக் கடிதத்தையும் அதே ஃபைலில் சேர்த்துக்கொள்ளலாம். ஓடுதளம் இருக்கிறது என்று வனத்துறையே எழுதிக் கொடுத்த காகிதம் அது.